காலடியில் வைத்த சிட்டம்

மாயம்மாள் குனிந்து, மில்லில் நூல் சுற்றும் ரீலிலிருந்து அப்போதுதான் கழற்றிய சிட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து, வந்துகொண்டிருந்த முதலாளியின் பூட்ஸுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னுக்கு நகர்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ரீல்களின் ஓரம் வரிசையாக நின்ற பெண்கள் வாயருகே கையை வைத்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் முட்டி மோதித் திரும்பி வந்தது. முதலாளியோடு வந்திருந்த பம்பாய்க்காரர் இருவரும், மிஷின் கம்பெனியின் வெள்ளைக்காரரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். குலவை அடங்கியதும் மாயம்மாள் பாடினாள்.

"சங்கு ஊதி எங்களைச் சாமத்துல எழுப்பிவிட்டு
பொங்கித் தின்னு புரண்டெழுந்து பொழுதேறி வாற சாமி
பஞ்சு தின்னு நெஞ்சடைச்சோம், பாக்கு வெத்தலை தந்துபோ
கஞ்சச் சாமி இல்லையின்னா காலெடுத்துத் தாண்டாதே!"

எதிர் ரீல்காரி பழனியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'பொங்கித் தின்னு' என்று வந்ததும் எல்லாப் பெண்களின் கண்ணும் முதலாளியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பின. முதலாளி வயதில் சின்னவர். அப்பா செத்து ஆறேழு மாதத்துக்கு முன்தான் மில்லுக்கு வந்து உட்கார்ந்தவர். மதராஸில் படித்தவர். தரையில் கிடந்த சிட்டத்தையும் எதிரே நிற்கும் பொம்பளையையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். முதலாளிக்கு அதுதான் கோபம். வெளியாள் முன்னால் சொந்த மில்லில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது.

"என்ன இது?" என்றார் லேபர் ஆபீசர் சுப்புராஜிடம்.

சுப்புராஜுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிச் சம்பளம் வாங்க முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்து மில்களில் கதவடைப்பும் வேலைநிறுத்தமுமாக இருந்த சமயம். "வழிமறியல் மாதிரி தெரியுது சார்" என்றார்.

"ஏம்மா, எதுக்கு வழியில போட்ட?" என்று அவளிடம் திரும்பினார்.

"வழக்கந்தான்யா. காலடியில வச்சா மொதலாளி தாண்டக் கூடாது. நின்னு ஏதாச்சும் குடுக்கணும். வெத்தலை பாக்கு குடுத்தாக்கூடப் போதும்."

"பாத்தீங்களா சார், டிமாண்டு வைக்கிறா."

ரீலிங் பகுதிக்கு மேஸ்திரி நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர். மில்லுக்கு வரும் முன் அவரும் வரப்பில் நடந்தவர், நாற்றுக்கட்டு சுமந்தவர். இது என்னவென்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆம்பிளை அவர்தான். மாயம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து சிட்டத்தை எடுத்துத் தட்டினார்.

"சரக்கு அழுக்காச்சுங்க" என்றார்.

அன்று மதியச் சங்கு ஊதும் முன்னே மாயம்மாளைக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். வாட்ச்மேன் பித்தளை டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டினான். நீக்கச் சீட்டில் இருந்தது: முதலாளியை வழிமறித்தது, வேலையைக் கெடுத்தது, மில் சரக்கைத் தரையில் எறிந்தது. எறிந்தது என்றே எழுதியிருந்தார்கள். நட்ட நாற்றைக்கூட அவ்வளவு பதமாக வைத்திருக்க மாட்டாள் அவள்.

அவள் செய்தது வீரமும் இல்லை, கலகமும் இல்லை. பழக்கதோஷம். திண்டுக்கல்லைச் சுற்றி, குளத்துப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் இருக்கிற ஊர்களில் நடவு நாளன்று பெண்கள் செய்வதுதான். வயல்காரன் வரப்பில் வந்தால் ஒரு முடி நாற்றை, சின்னக் கட்டுதான், அவன் காலடியில் வைத்துக் குலவை போட்டு நிறுத்துவார்கள். அவனைப் பார்த்து, அவன் கேட்க, பாடுவார்கள். அவன் கஞ்சத்தனம், தொப்பை, அடுத்த ஊரில் அவன் வைத்திருப்பவள், எல்லாம் பாட்டில் வரும். அவன் இளித்துக்கொண்டு நின்று மடியை அவிழ்த்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அவன் குலம் தழைக்கக் குலவை. கொடுக்காமல் தாண்டிப் போனால் குலவை கிடையாது. முதுகுக்குப் பின்னால் இன்னும் மோசமாக நாலு வரி வரும். அவ்வளவுதான் தண்டனை.

அதைப் பெரிய தங்கமான காலமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நின்று இளித்த அதே வயல்காரன்தான் மறுநாள் அவளைக் கிணற்றுப் படியில் இறங்க விடமாட்டான். அளக்கிற நெல்லில் கல்லும் பதரும் கலந்திருக்கும். நடவு நாளில் மட்டும் வாய்க்குப் பூட்டு இல்லை. வருசம் முழுக்க விழுங்கியதை அந்த ஒரு நாளில் துப்பிக்கொள்ளலாம். இவ்வளவு கொடுமைக்கு இவ்வளவு சலுகை. அந்தச் சலுகைதான் மில்லுக்குள் கிடையாது என்று மாயம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. நிலத்துக்கு ஒரு முதலாளி, மில்லுக்கு ஒரு முதலாளி. புது ரீல்கள் போட்ட பிறகு அவர் முதல் தடவையாக உள்ளே வருகிறார். நூற்கிற கூடத்தைப் போல ரீலிங்கில் காது அடைக்கும் இரைச்சலும் இல்லை. காலையிலிருந்து பெண்கள் மெல்லப் பாடிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். கை ஓட, வாய் ஓட, ஆள் வர, காலடியில் வைத்துவிட்டாள்.

அவள் புருசன் சுருளிவேல் பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்பில் வேலை பார்த்தான். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று பாதம் இரண்டும் வெந்து, விரலிடுக்கில் புண் ஆறாமல், மாசத்தில் பாதி நாள் வீட்டில் கிடப்பான். அன்றும் கிடந்தான். வேலை போன கதையைக் கேட்டதும் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தான்.

"ஒனக்கு வாயி செத்த நேரம் சும்மா இருக்காதாடி? ஒலகத்துலயே நீ ஒருத்திதான் நடவு நட்டவளா?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பு பிடித்ததும் அவனே கேட்டான்.

"என்னான்னுதான்டி பாடுன?"

சொன்னாள். 'புரண்டெழுந்து' என்ற இடத்தில் அவன் உடம்பு குலுங்கியது. திரும்பிப் படுத்துச் சத்தமாகச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் புகை மட்டும் இருந்தது.

"சரி. சோத்துக்கு என்ன பண்ணப் போற?" என்றான்.

மறுநாள் பொன்னுத்துரை வயலுக்கு நடவுக்குப் போனாள். பழைய வயல்தான், சின்ன வயதிலிருந்து நட்டது. முன்பு நாலு வயல் நடவு, இப்போது ஒரு வயல்தான். மற்றதில் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டித் திராட்சைக் கொடி ஏற்றியிருந்தான். மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணற்றில் கரண்டு மோட்டார் ஓடியது. அதன் சத்தத்தில் பக்கத்தில் நடுகிற கருப்பம்மாள் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. வெயிலைப் பார்த்துக் கரையேறுகிற வழக்கமும் போய்விட்டது. மில் சங்கு ஊதினால் இறங்க வேண்டும், மில் சங்கு ஊதினால் ஏற வேண்டும். மில்லில் வேலை செய்யாதவர்களையும் அந்தச் சங்குதான் மேய்த்தது.

பொன்னுத்துரை கையில் கடிகாரம் கட்டி வரப்பில் வந்தான். மாயம்மாள் ஒரு முடி நாற்றை உருவி அவன் காலடியில் வைத்தாள். கருப்பம்மாள் குலவைக்கு வாயைக் குவித்தாள். பொன்னுத்துரை நாற்றைத் தாண்டி நடந்தான். நின்று திரும்பினான்.

"ஏ மாயி, மில்லுல படிச்ச பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டாந்துட்டியா?"

"மில்லுல படிச்சதா?"

"டவுனெல்லாம் பேச்சு. மொதலாளியை மறிச்சு ஸ்ட்ரைக்குப் பண்ணுனியாம்ல? இங்க சங்கம் கிங்கம்னு ஆரம்பிச்சா வேற ஆளுகளைக் கூட்டிக்கிருவேன். பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாடுனா கை மந்தமாகுது."

மாயம்மாள் சேற்றிலேயே நின்றாள். இவன் அப்பன் காலடியில் இவள் அம்மா வைத்திருக்கிறாள். இவன் பிறந்ததற்குக் குலவை போட்டிருக்கிறார்கள். இவன் கண்ணுக்கு முன்னால் வருசா வருசம் நடந்ததை மில்லுக்காரன் ஒரு சொல்லில் மாற்றிவிட்டான். வயலிலிருந்து எடுத்துப் போனதை மில்லிலிருந்து திருடி வந்ததாக இவனே சொல்கிறான். கோபத்தில் இரண்டு முடியை வேரோடு நசுக்கிவிட்டாள். அடுத்த நடவுக்கு அவளைக் கூப்பிடவில்லை.

தை பிறக்கும் சமயத்தில் நாச்சிமுத்து சைக்கிளில் அவள் வீட்டுக்கு வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடி நின்றார்.

"மில்லுல ஆண்டு விழாங்க. மதராஸிலிருந்து பெரிய ஆளுகல்லாம் வாராங்க. அந்த வெள்ளைக்காரர் மொதலாளிகிட்டச் சொன்னாராம், அன்னிக்கு அந்தப் பொம்பளை செஞ்சது நல்லா இருந்துச்சு, அது என்ன கலைன்னு. மொதலாளியும் விசாரிச்சிருக்காரு. கிராமியக் கலைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நீங்க வந்து மேடையில நடவுப் பாட்டு பாடோணும். பாடுனா பழைய எடத்துலயே வேலை."

"யாரோ சொல்லியிருக்காங்களா?"

அவர் சைக்கிள் மிதியைக் காலால் சுழற்றினார்.

"மேஸ்திரி, அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொன்னா என்னையும் பட்டிக்காட்டான்னு வெளிய தள்ளியிருப்பாங்க. நான் அந்தக் காட்டிலிருந்து வந்தவன்னு அவிங்களுக்குத் தெரியாத வரைக்குந்தான் நான் மேஸ்திரி."

அப்படிச் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். மாயம்மாளுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. சுருளிவேல் உள்ளேயிருந்து சொன்னான்: "பாடிட்டு வேலையை வாங்குடி. தொரத்துனவனும் அவனே, கூப்புடுறவனும் அவனே. நமக்கு அடுப்பு எரியணும்." பாதத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். அவள் அந்தப் பாதத்தைப் பார்த்தாள், சரி என்றாள்.

கேண்டீனில் ஒத்திகை நடந்தது. ரீலிங்கிலிருந்து பழனியம்மாளோடு இன்னும் சில பெண்களை நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை. பச்சைக் காகிதத்தை நறுக்கிக் கட்டிய நாற்று. சுப்புராஜ் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் பாட்டெழுதி வாங்கி வந்திருந்தார். அவரே படித்துக் காட்டினார்.

"ஆலை வளர்க, அருந்தொழில் வளர்க
சோலை போலச் சுகமுடன் வாழ்வோம்
முதலாளி தந்த முத்தான வாழ்வில்
இதயம் மகிழ்ந்தே இசைத்திடுவோமே."

"எப்பிடி?" என்றார்.

"இதுல ஆளே இல்லையே சார்" என்றாள் மாயம்மாள்.

"ஆளுன்னா?"

"யாரைப் பாத்துப் பாடுறது? என்னத்தை கேக்குறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம். அதான்மா நல்ல பாட்டு."

பழனியம்மாள் மெல்ல, "நம்ம இம்புட்டுச் சொகமா இருக்குறது எனக்கு இன்னைக்குத்தான்டி தெரியுது" என்றாள். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் நடுகிற மாதிரி குனிந்தார்கள். சுப்புராஜ் கையைத் தட்டி நிறுத்தினார். குனிந்தால் முகம் தெரியாது, மைக் எட்டாது. முதுகைக் காட்டக் கூடாது. நிமிர்ந்து நின்று, முன்னால் பார்த்து, சிரித்துக்கொண்டே நட வேண்டும். அரை வயிற்றோடு நாள் முழுக்கக் குனிந்து, எழுந்தால் இடுப்பு நிமிராமல், அந்த வலியை மறக்க எழுந்த பாட்டு அது. குனிவதை எடுத்துவிட்டால் பாட்டுக்கு என்ன வேலை? அவர்கள் மின்விசிறிக்கு அடியில் நிமிர்ந்து நின்று காற்றில் காகிதத்தை நட்டார்கள். கடைசியில் முதலாளி மேடைக்கு வருவார், காலடியில் நாற்றை வைக்க வேண்டும், அவர் சேலை கொடுப்பார், குலவை போட வேண்டும், போட்டோ எடுப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் மைதீன் பிச்சை மைக் செட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் புதுசாக ஒரு மிஷின், இரண்டு சக்கரமும் நடுவில் பழுப்பு நாடாவுமாக. மில்லுக்கென்று மதராஸிலிருந்து வாங்கி வந்தது. மாயம்மாள் நின்று பார்த்தாள்.

"இது என்னா அப்பு?"

"டேப்புக்கா. நீங்க ஒரு தடவை பாடுனாப் போதும். பெறகு எத்தனை தடவைன்னாலும் இதுவே பாடும்."

"அப்ப நான் எதுக்கு?"

"அந்த ஒரு தடவைக்குத்தான்" என்றான் மைதீன் பிச்சை. கேலியாகச் சொல்லவில்லை. அவன் மைக் செட் வந்த பிறகு கல்யாண வீடுகளில் பொம்பளைகள் பாடுவது நின்றுபோனதை அவனே பார்த்தவன். "கிட்டக்க நின்னு பாடுங்கக்கா, அம்புட்டுத்தான்" என்றான்.

பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. ஆலை வளர்க என்றாள், சுகமுடன் வாழ்வோம் என்றாள். தொண்டையில் ஒட்டியிருந்த பஞ்சு இரண்டாவது வரியில் இருமலாக ஏறி வந்தது. விழுங்கிக்கொண்டு மூன்றாவது வரியைப் பாடினாள். முன்வரிசையில் தலைகள் தாளத்துக்கு அசைந்தன. முதலாளி படியேறி மேடைக்கு வந்தார். அவள் காகித நாற்றை வைத்தாள். இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழகாக நின்றார். கையைக் கூப்பினார். பொய்யாக யோசித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது. சேலையை நீட்டினார். பல்பு மின்னியது.

குலவை போட வேண்டிய இடம். மாயம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் முன்கூட்டி நினைத்து வரவில்லை. உதடு பிரியவில்லை, அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண்கள் அவள் முதுகைப் பார்த்தார்கள். பழனியம்மாள் கையை வாயருகே கொண்டுபோனவள் கீழே இறக்கினாள். ஒருத்தியும் போடவில்லை. சுப்புராஜ் மேடையோரத்திலிருந்து பல்லைக் கடித்தபடி, "குலவை! ஏய், குலவை!" என்றார். முதலாளிக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. மதராஸ்காரர்கள் கைதட்டினார்கள். கொடுத்தவனுக்குக் குலவை இல்லையென்றால் கொடுத்தது செல்லாது என்று அந்தப் பந்தலில் இருந்த ஆம்பிளைகளில் ஒருவருக்குத்தான் தெரியும். பின்வரிசைக் கம்பத்தில் சாய்ந்து நின்ற நாச்சிமுத்து சாய்ந்தபடியே இருந்தார். கை மட்டும் தட்டவில்லை.

"என்னம்மா, குலவையை விட்டுட்டீங்க?" என்றார் சுப்புராஜ் கீழே இறங்கியதும்.

"நெனவில்லை சார்" என்றாள் மாயம்மாள்.

"போகுது, போகுது. நாளைக்கு வந்துரு."

மறுநாள் வாட்ச்மேன் டோக்கனைக் கொடுத்தான். அதே ரீல், அதே இடம். நூல்கதிரிலிருந்து இழையை எடுத்துக் கோத்து, ரீலைச் சுற்றிவிட்டதும் கை தானாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் வாயும் தானாகத் திறந்தது. நாச்சிமுத்து வந்து நின்றார்.

"பாட்டு வேண்டாமுங்க. புது உத்தரவு. பாடுனா சீட்டுக் கிழிஞ்சிரும். யாரா இருந்தாலும்."

"பாடத்தானய்யா வேலை குடுத்தீக?"

அவர் மேலே காட்டினார். இரும்பு உத்தரத்தில் புதுசாக ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அவர் காட்டும்போதே அதற்குள் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு மாயம்மாள் பாட ஆரம்பித்தாள். ஆலை வளர்க, அருந்தொழில் வளர்க. அவள் குரல்தான். இரண்டாவது வரியில் வந்த இருமலும் அப்படியே இருந்தது, விழுங்கியதும் இருந்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். தொண்டை தன்னுடையது, குரல் அவர்களுடையது. வாயை மூட வைத்துவிட்டு அவள் வாயை மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரீலை நிறுத்தி அந்தக் குழாயைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. கை மட்டும் நூலை விடவில்லை. அறுந்தால் அபராதம்.

மூன்று நாள் அப்படிப் போனது. தினமும் ஷிப்டுக்கு ஷிப்டு அவள் முதலாளியை வாழ்த்தினாள். நாலாம் நாள், எதிர் ரீலில் பழனியம்மாளின் உதடு அசைவதை மாயம்மாள் பார்த்தாள். சத்தம் இல்லை. மேலே குழாய் பாடுகிற மெட்டுதான், தாளமும் அதுதான், ஆனால் உதடு குவிகிற இடத்தில் குழாய் குவியவில்லை. சொல் வேறு. மாயம்மாள் உற்றுப் பார்த்தாள். குழாய் 'முத்தான வாழ்வில்' என்ற இடத்தில் பழனியம்மாள் 'பஞ்சான வாழ்வில்' என்றதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த வரியை இவள் போட்டாள், சத்தமில்லாமல். பக்கத்தவள் பார்த்தாள். அவள் ஒன்று சேர்த்தாள். வரிசை முழுக்க உதடுகள் அசைந்தன.

நாச்சிமுத்து வரிசைகளுக்கு நடுவே வந்தார். பாதி தூரத்தில் நின்றார். குழாயை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்து மாயம்மாளின் வாயில் கண்ணை நிறுத்தினார். அவர் கையில் சீட்டுப் புத்தகம் இருந்தது. மேலே அவள் குரல் இருமி விழுங்கியது. ரீல் சுழன்றுகொண்டிருந்தது. மாயம்மாள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவருக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை நன்றாகத் திறந்து மூடி, அடுத்த வரியைத் தொடங்கினாள்.